மனித வளர்ச்சியும் குடும்பவியலும்: சிறு கல்லூரிகளிற் பிறந்த ஒரு கல்வியின் வரலாறு

உலகத்து உயிர்களுள், பிறந்த நாள் தொட்டு நெடுங்காலம் பிறர் கையை எதிர்நோக்கி வாழ்வது மக்கட் குழவி. கன்று பிறந்த சிறிது பொழுதில் எழுந்து நின்று தாய்மடியைத் தேடும். கோழிக்குஞ்சு வெளிப்பட்ட சின்னாளில் இரை பொறுக்கும். மக்கட் குழவிக்கோ அடியெடுத்து வைத்தற்கே ஓராண்டு வேண்டும். சொல்லொடு சொற் கூட்டுதற்கு ஈராண்டு வேண்டும். தன் காலில் தான் நிற்றற்கு இருபதாண்டும் போதா. இங்ஙனம் நெடிது வளரும் உயிர் வளருமாற்றையும், அதனை வளர்க்குங் குடும்பம் இயங்குமாற்றையும் முறைப்பட ஆராய்தல் வேண்டும் என்னும் எண்ணம் மக்களுக்கு மிகப் பிந்தியே தோன்றிற்று. விண்மீன்களின் செலவை அளந்தனர். பயிரின் நோயையும் மாட்டின் நோயையும் ஆராய்ந்தனர். தம் வீட்டுத் தொட்டிலிற் கிடந்த குழவியை மட்டும் தானே வளரும் என்று விட்டனர்.

இக்குறையை நிறைத்தற்கு எழுந்த கல்வியே இந்நாளிற் கல்லூரிகளில் 'மனித வளர்ச்சியும் குடும்பவியலும்' என்று வழங்குவது. கருவுற்ற நாள் முதல் முதுமை ஈறாக மனிதர் உடலாலும் அறிவாலும் மனத்தாலும் வளரும் வகை, கணவன் மனைவியர் உறவு, பெற்றோர் மக்கள் உறவு, வறுமையும் நோயும் பிரிவும் குடும்பத்தைத் தாக்கும் வகை, இன்ன பிறவெல்லாம் இக்கல்வியின் பொருளாம். இப்பெயரைக் கேட்ட அளவில் நம் அன்பர் பலர் இரண்டு தடை எழுப்புவர். 'குழந்தை வளர்க்கப் படிப்பு எதற்கு? நம் பாட்டிமார் படித்தா வளர்த்தார்கள்?' என்பது ஒன்று. 'இஃது அடுப்பங்கரைப் படிப்பு. வேறிடம் கிடையாத பெண்களுக்கு உரியது' என்பது மற்றொன்று. இவ்விரண்டற்கும் விடை இக்கல்வியின் வரலாற்றிலேயே உளது. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவ்வரலாற்றின் முதற்கண் வைத்து எண்ணத்தக்கார் எல்லன் ஸ்வாலோ என்னும் அமெரிக்க அம்மையார். 1842-ஆம் ஆண்டில் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்திற் பிறந்த இவர், வாஸர் கல்லூரியிற் பயின்று 1870-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அக்கல்லூரி நியூயார்க் மாநிலத்துப் பொகீப்ஸி என்னும் ஊரில் 1861-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1865-ஆம் ஆண்டில் மாணவியரை ஏற்கத் தொடங்கிய சிறியதொரு மகளிர் கல்லூரி. இரசாயன நூலை மேலும் கற்க விழைந்த அம்மையார் பாஸ்டன் நகரத்திருந்த மாஸச்சூஸெட்ஸ் தொழிற்கலைக் கழகத்திற் சேர்ந்தார். அக்கழகத்துட் புகுந்த முதற் பெண்மணி இவரே. இவரிடத்துக் கழகத்தார் சம்பளம் வாங்கவில்லை. தம் வறுமைக்கு இரங்கியே அங்ஙனம் செய்தனர் என்று அம்மையார் கருதியிருந்தார். பெண்ணொருத்தியைச் சேர்த்தமை குறித்து எவரேனும் வினவின், இவர் எம் மாணவர் அல்லர் என்று சொல்லித் தப்புதற்கே அச்சலுகை செய்யப்பட்டது என்பது பின்னரே அவர்க்குத் தெரியவந்தது.

1873-ஆம் ஆண்டில் அவர் அக்கழகத்துப் பட்டம் பெற்றார். அதற்கு மேற்பட்ட டாக்டர் பட்டம் அவர்க்கு அங்குக் கிடைக்கவில்லை. 1875-ஆம் ஆண்டில் அக்கழகத்துச் சுரங்கவியற் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸ் என்பாரை மணந்து எல்லன் ரிச்சர்ட்ஸ் ஆயினார். 1876-ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் மகளிர்க்கென ஓர் இரசாயன ஆய்வுக்கூடம் அங்கே தோன்றிற்று. 1884-ஆம் ஆண்டில் சுகாதார இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்து, தாம் இறந்த 1911-ஆம் ஆண்டு வரை அப்பணியில் இருந்தார். 1887-ஆம் ஆண்டில் தொடங்கிய மாஸச்சூஸெட்ஸ் மாநில நீராய்வில் ஆறு, ஏரி, கிணறுகளின் நீர் பல்லாயிரம் குப்பிகளில் இவர் கூடத்துக்கு வந்து சோதிக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பெரிய ஆய்வுக்கூடங்களின் கதவு தமக்கும் தம்மொத்த மகளிர்க்கும் பாதியே திறந்திருப்பக் கண்ட அம்மையார், எவரும் அடைக்க இயலாத ஆய்வுக்கூடம் ஒன்று உளது என்று கண்டார். அதுவே வீடு. குடிக்கும் நீரில் நஞ்சு உண்டா, பாலிற் கலப்பு உண்டா, காற்றுப் புகாத அறையிற் குழவி ஏன் மெலிகின்றது என்னும் வினாக்கள் விண்மீனைப் பற்றிய வினாக்களிற் சிறியன அல்ல என்பது அவர் துணிபு. 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நியூயார்க் மாநிலத்து லேக் பிளாஸிட் என்னும் மலையூரில் பத்துப் பன்னிருவர் கூடி இக்கல்விக்கு ஒரு பெயரும் ஒழுங்கும் வகுக்க முற்பட்டனர். நூலகங்களில் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் முறை கண்ட மெல்வில் டூயியும் அவர் மனைவியாரும் அக்கூட்டத்தை ஏற்று நடத்தினர். ஆண்டுதோறும் நடந்த அக்கூட்டங்களின் பயனாக 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க மனையியற் சங்கம் நிலைபெற்றது. எல்லன் ரிச்சர்ட்ஸே அதன் முதல் தலைவர்.

நிற்க. நீரும் பாலும் காற்றும் ஆராய்ந்த இக்கல்வி குழவியை ஆராயப் புகுந்தது எங்ஙனம்? அதற்கும் அதே வாஸர் கல்லூரி துணையாயிற்று. அங்கே 1880-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற ஜூலியா லேத்ராப் அம்மையார், 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் நிறுவிய குழந்தைகள் நல அலுவலகத்தின் முதல் தலைவராயினார். அவ்வலுவலகத்தார் 1913-ஆம் ஆண்டில் பென்ஸில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுன் என்னும் எஃகுத்தொழில் நகரத்தில் வீடு வீடாகச் சென்று, ஓராண்டு நிரம்பாமுன் இறந்த குழவிகளைப் பற்றி ஆராய்ந்தனர். தாயின் அறியாமையே குழவிச் சாவுக்குக் காரணம் என்று பலர் பேசிவந்த காலம் அது. ஆய்விற் கண்டதோ, தந்தையின் கூலி குறையுந்தோறும் குழவியின் சாவு மிகுகின்றது என்பதே. ஒரு குடும்பத்தைப் பழிக்குமுன் அதன் வருவாயையும் தெருவையும் நீரையும் பார்த்தல் வேண்டும் என்னும் பாடம் அன்று இக்கல்வியில் ஊன்றப்பட்டது.

1924-ஆம் ஆண்டில் வாஸர் கல்லூரியில் 'யூதெனிக்ஸ்' என்னும் பெயரால் இக்கல்வி புகுந்தது. நல்ல சூழலால் வாழ்வை நலமாக்கும் நூல் என்பது அதன் பொருள்; எல்லன் ரிச்சர்ட்ஸ் 1910-ஆம் ஆண்டில் அப்பெயரால் ஒரு நூலும் இயற்றியிருந்தார். கல்லூரியின் பழைய மாணவியாராகிய மின்னி பிளாட்ஜெட் அம்மையார் பெரும்பொருள் உதவினார். ஆயினும் ஆசிரியருட் சிலர் இதனை எதிர்த்தனர். மகளிர் கணிதமும் வரலாறும் கற்றற்குப் பாடுபட்டுக் கதவு திறந்திருக்கும் காலத்தில், அவரை மீண்டும் அடுப்பங்கரைக்குத் துரத்துவதோ என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சம் பொருளற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஒரு கல்வியைப் பெண்களுக்கே உரியதென்று வேலியிட்டால், அது கல்வியாகாது சிறையாகும். எனினும் அக்கல்லூரியில் 1927-ஆம் ஆண்டில் ஒரு மழலையர் பள்ளி திறக்கப்பெற்றது. கோடைதோறும் தாய்மார் தம் குழந்தைகளுடன் வந்து தங்கிப் பயின்றனர். குழந்தை கல்லூரி வளாகத்துள்ளே வந்தது. மாணவியர் அதனைக் கண்ணாரக் கண்டு கற்றனர்.

இம்முறையைத் திருத்தமுறச் செய்து காட்டியது டெட்ராய்ட் நகரத்து மெரில்-பாமர் பள்ளி. 1916-ஆம் ஆண்டில் இறந்த லிஸ்ஸி மெரில் பாமர் என்னும் செல்வ அம்மையார், இளம்பெண்களை இல்லறத்துக்கும் தாய்மைக்கும் பயிற்றுதற்பொருட்டுத் தம் செல்வத்தில் ஏறத்தாழ 30 லட்சம் டாலரை எழுதிவைத்தார். அவ்வறத்தை நடத்துதற்கு வந்தவர் எட்னா நோபிள் ஒயிட். அவர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மனையியல் கற்பித்தவர். சமையலும் தையலும் கற்பித்து அப்பொருளைச் செலவிட அவர் மனம் ஒருப்படவில்லை. தாய்மையைக் கற்பித்தற்குக் குழந்தைகள் வேண்டாவோ என்று கருதி, இங்கிலாந்து சென்று, லண்டன் மாநகரத்து டெப்ட்ஃபோர்டு என்னும் ஏழைகள் பகுதியில் மார்கரெட் மக்மில்லன், ரேச்சல் மக்மில்லன் என்னும் உடன்பிறந்தார் 1914-ஆம் ஆண்டில் தொடங்கிய திறந்தவெளி மழலையர் பள்ளி முதலியவற்றைக் கண்டு மீண்டார். 1922-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மெரில்-பாமரின் மழலையர் பள்ளி திறக்கப்பெற்றது. பல கல்லூரிகளிலிருந்து மாணவியர் அங்கு வந்து ஒரு பருவம் தங்கிக் கற்றுச் செல்வாராயினர். 1947-ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை ஒயிட் அம்மையாரே அதனை நடத்தினார். 1981-ஆம் ஆண்டில் அது வேயின் மாநிலப் பல்கலைக்கழகத்தொடு இணைந்தது.

இத்தகைய பள்ளிகளில் மாணவியர்க்கு முதற்கண் கற்பிக்கப்பட்டது யாது? ஒரு மூலையிலமர்ந்து, குழந்தையின் செயலிற் குறுக்கிடாது, கண்டதைக் கண்டவாறே எழுதுதல். 'பையன் பிடிவாதம் பிடித்தான்' என்று எழுதினால் ஆசிரியர் அதனை அடித்துவிடுவார். பிடிவாதம் என்பது கண்டது அன்று, கருதியது. 'பந்தைக் கேட்டான்; கொடுக்கவில்லை; தரையிற் படுத்துக் காலை உதைத்தான்; சிறிது நேரத்தில் எழுந்து மரக்கட்டைகளை அடுக்கலானான்' என்பதே கண்டது. இது சிறியதோர் இலக்கணம் போலத் தோன்றும். ஆயினும் இதனைப் பயிலாமையால் விளையும் தீங்கு நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் காணலாம். காது சரியாகக் கேளாத பிள்ளையை அடங்காதவன் என்று அடிக்கின்றோம். காலையில் உண்ணாது வந்த பிள்ளையை மந்தம் என்கின்றோம். தம்பி பிறந்தபின் படுக்கையை நனைக்கும் சிறுமியை நாணமில்லாதவள் என்று இகழ்கின்றோம். கண்டது வேறு, கருதியது வேறு என்று அறிந்த ஒருவர் அவ்வீட்டில் இருந்தால் கைத்தடி இறங்குமுன் ஒரு வினா எழும்.

இப்பயிற்சிக்குச் சிறு கல்லூரியே சிறந்த இடமாயிற்று. ஐந்நூறு பேர் அமர்ந்த மண்டபத்திற் குழந்தையைப் பற்றிப் பேசலாம். குழந்தையைக் காட்ட முடியாது. மாணவர் சிலராய், மழலையர் பள்ளி அடுத்த கட்டடத்திலேயே அமைந்து, ஒவ்வொருவர் குறிப்பேட்டையும் ஆசிரியர் தாமே படித்துத் திருத்தும் இடத்திலேதான் இக்கண்பயிற்சி கைகூடும்.

தமிழ்ப் புலவரும் குழந்தையைக் கூர்ந்து கண்டவரே. தலையெடுத்துச் செங்கீரை ஆடுதல், கைகொட்டிச் சப்பாணி ஆடுதல், தளர்நடையிட்டு வருதல் என்று பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்கள் வீட்டுக் குழந்தையின் வளர்ச்சியை ஒட்டியன; அவற்றுக்குத் திங்கட் கணக்கும் பாட்டியல் நூல்கள் கூறும். ஆயினும் இதனைக் கொண்டு எல்லாம் நம்மிடம் முன்னரே இருந்தன என்று மார்தட்டுதல் தகாது. புலவர் கண்டது குழந்தையின் அழகு. நோயுற்ற குழந்தையும் தாயிழந்த குழந்தையும் அப்பாட்டின் பொருளாகவில்லை.

தாயிழந்த குழந்தைகளைப் பற்றிய பேருண்மை ஒன்று ஐயோவா மாநிலத்தில் வெளிப்பட்டது. கோரா பஸ்ஸி ஹில்லிஸ் என்னும் அம்மையார் தம் மக்களுள் மூவரை இழந்தவர். மக்காச்சோளத்தையும் பன்றியையும் ஆராய்ந்து திருத்தப் பொருள் தரும் அரசு, குழந்தைகளை ஆராயவும் தருதல் வேண்டும் என்று பல்லாண்டு வாதாடினார். அதன் பயனாக 1917-ஆம் ஆண்டில் ஐயோவாப் பல்கலைக்கழகத்திற் குழந்தைநல ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அந்நிலையத்தைச் சார்ந்த ஹரால்டு ஸ்கீல்ஸ் என்பார் 1930-க்குப் பின், அநாதை விடுதியில் அறிவு வளராது வாடிய இரண்டு பெண் குழந்தைகளைக் கண்டார். அவர்களை மனவளர்ச்சி குன்றிய மகளிர் காப்பகத்திற்கு அனுப்பி வைத்தனர். சில திங்கள் கழித்துச் சென்று பார்த்தபொழுது குழந்தைகள் மலர்ந்து விளங்கின. காரணம் யாது? அங்கிருந்த மகளிர் அவர்களைத் தம் குழந்தைகளாகவே எடுத்துச் சீராட்டிக் கொஞ்சியிருந்தனர்.

இதனைத் தெளிதற்கு ஸ்கீல்ஸ் 13 குழந்தைகளை அங்ஙனம் அனுப்பி, விடுதியிலேயே தங்கிய 12 குழந்தைகளோடு ஒப்பிட்டு நோக்கினார். நுண்ணறிவு ஈவு என்னும் அளவில் முன்னவர் சராசரி சுமார் 28 புள்ளி உயர்ந்தனர்; பின்னவர் சுமார் 26 புள்ளி தாழ்ந்தனர். 1939-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டபோது, அறிவு பிறப்பிலேயே முடிந்த பொருள் என்று நம்பிய அறிஞர் பலர் எள்ளினர். ஸ்கீல்ஸ் வாளா இருந்து, அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர் ஆனபின் ஒவ்வொருவரையும் தேடிக் கண்டு 1966-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அன்பு பெற்ற பதின்மூவரும் தம் காலில் நின்றனர். மற்றைப் பன்னிருவருள் ஒருவர் இளமையிலேயே காப்பகத்தில் இறந்தார். நால்வர் அப்பொழுதும் காப்பகங்களிலேயே இருந்தனர். மக்களை வளர்ப்பது குலமும் குருதியும் மட்டுமல்ல, மடியும் மொழியுமே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. குலப்பெருமை பேசும் சங்கத்தார் அனைவரும், நம்மையும் உள்ளிட்டு, இதனை நினைவில் இருத்துதல் நன்று.

இக்கல்வி தவறியதே இல்லையோ எனின், தவறியது உண்டு. அதனை மறைத்தல் வரலாறு ஆகாது. 1928-ஆம் ஆண்டில் ஜான் வாட்ஸன் என்னும் உளநூலார், குழந்தையை முத்தமிடற்க, மடியில் வைத்துக் கொஞ்சற்க என்று நூல் எழுதினார். அதனைத் தாய்மார் பலர் வேதமாகக் கொண்டனர். கார்னெல் பல்கலைக்கழகத்திலோ 1919-ஆம் ஆண்டு முதலாகப் 'பயிற்சி இல்லம்' ஒன்று நடந்தது. அநாதை விடுதியிலிருந்து குழவி ஒன்றை வாங்கி வந்து, மாணவியர் பலர் முறை வைத்து அதற்குத் தாயாயிருந்து கற்றனர். குழவி நன்றாக உண்டு எடை மிகுந்தது. ஆயின் நேற்று எடுத்த கை இன்று இல்லை. ஒரு குழவிக்குப் பல தாயர் மாறி மாறி வருதலால் அதன் உள்ளத்துக்கு யாதாகும் என்று அந்நாளில் எண்ணினார் அரியர். நிலைத்த ஒருவரின் பற்று குழவிக்கு உணவு போல இன்றியமையாதது என்று 1951-ஆம் ஆண்டில் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கை எடுத்துரைத்தது. அதே கார்னெலில் 1948 முதல் ஆசிரியராயிருந்த யூரி பிரான்ஃபென்பிரென்னர், குழந்தையை வீடு, பள்ளி, பெற்றோரின் வேலை, நாட்டின் சட்டம் ஆகிய வட்டங்களின் நடுவே வைத்துக் காணல் வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டில் நூல் செய்தார். ஏழைக் குழந்தைகட்கு அமெரிக்க அரசு 1965-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தை வகுத்தவருள் அவரும் ஒருவர். தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொண்டமையே இதனைக் கல்வி என்று நாம் மதித்தற்குக் காரணம்.

இனி நம் நாட்டு நிலை கூறுவாம். 1927-ஆம் ஆண்டிற் கூடிய அகில இந்திய மாதர் மகாநாட்டார் முயற்சியால் 1932-ஆம் ஆண்டில் டில்லியில் லேடி இர்வின் கல்லூரி தோன்றி மனையியலைக் கற்பிக்கலாயிற்று. பரோடாப் பல்கலைக்கழகத்தில் ஹன்சா மேத்தா அம்மையார் துணைவேந்தராயிருந்த காலத்து மனையியற் புலம் அமைந்தது. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 'ஆடவர் அனைவரும்' என்று எழுதப்பட்டிருந்ததை 'மனிதர் அனைவரும்' என்று மாற்றுவித்தவர் இவ்வம்மையாரே. அவர் வளர்த்த புலத்திற் குழந்தை வளர்ச்சித் துறையாய் இருந்தது பின்னர் 'மனித வளர்ச்சியும் குடும்பவியலும்' என்று பெயர் பெற்றமை பொருத்தமே. நம் தமிழ்நாட்டிலே, சென்னை மாகாணத்துக் கல்வி மந்திரியாயிருந்தவரும் தமிழ்க் கலைக்களஞ்சியம் தோன்றக் காரணமானவருமாகிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1957-ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரில் மகளிர்க்கான மனையியற் கல்லூரியை நிறுவினார். அதனை நெடுங்காலம் வளர்த்த இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார், எட்னா ஒயிட் கற்பித்த அதே ஓஹையோப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அக்கல்லூரி 1988-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், ஆறு வயது நிரம்பாத குழந்தைகட்கு அங்கன்வாடிகள் ஊர்தோறும் பரவின.

இங்ஙனம் வளர்ந்த கல்வியை நம் சங்கத்தார் எங்ஙனம் மதிக்கின்றோம்? சென்ற ஆண்டு கல்வி நிதிக்கு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல எண்கள் பெற்ற சிறுமி ஒருத்தியுடையது. மாணவியர் சிலரே பயிலும் ஒரு கல்லூரியில் இக்கல்வியைக் கற்க அவள் விரும்பினாள். 'அடுப்பூதப் பட்டமா?' என்று பாட்டனார் தடுத்தார். நம் குழுவினரும் பொறியியல், மருத்துவம், சட்டம் என்னும் வரிசைகளில் அவளுக்கு இடங்காணாது, 'பிற' என்னும் கடைசி வரிசையில் வைத்தனர். அவ்வரிசைக்கு வருமுன் நிதி தீர்ந்தது. அவள் இப்பொழுது ஒரு கடையிற் கணக்கெழுதுகின்றாள். குற்றம் ஒருவர்மேல் அன்று, நம் வரிசைகளின்மேல்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. இவ்வாண்டு முதல் கல்வி நிதியின் வரிசையில் இக்கல்வியை மற்றவற்றோடு ஒப்ப வைத்தல் வேண்டும். குழந்தைப் பள்ளிகள், குழந்தைநல அலுவல்கள், மனநல ஆலோசனை, மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் பயிற்சி, முதியோர் காப்பு ஆகிய துறைகளெல்லாம் இக்கல்வி வல்லாரை எதிர்நோக்குகின்றன. இரண்டாவது, ஆடவரைச் சேர்க்கும் கல்லூரி உள்ள இடத்து நம் இளைஞரும் இதனைக் கற்க முற்படுதல் வேண்டும். தந்தையாகப் போகின்றவனுக்குக் குழந்தையை அறிதல் இழுக்காமோ? மூன்றாவது, கல்லூரிக்குச் செல்ல இயலாத நம்போன்றாரும், திங்கட்கூட்டம் ஒன்றில் இக்கல்வி கற்றார் ஒருவரை அழைத்துத் தாய்மார், தந்தையர், பாட்டனார் யாவரும் கேட்குமாறு செய்தல் வேண்டும்.

பாட்டிமார் படித்தா வளர்த்தார்கள் என்னும் வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். அவர்கள் பலரை அன்போடு வளர்த்தார்கள். பலரை இழந்தும் இருந்தார்கள். தொட்டிலிலேயே மடிந்தவர் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. கிணற்று நீர் நஞ்சென்று அவர்கட்குச் சொல்வார் இல்லை. அவர்தம் அன்பை நாம் கைவிட வேண்டுவதில்லை. அவ்வன்புக்குக் கண்ணாக இவ்வறிவைச் சேர்த்தல் நம் கடன். அடுத்த திங்கட் குழுக்கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றோம். நம் இல்லங்களிற் பிறக்கும் குழவிகள் அனைத்தும் நோயற்று, அறிவுபெற்று, நீடு வாழ்வனவாக.